வெள்ளிக்கிழமை அப்டேட்

எங்கள் கடைவீதியில் வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு இறங்குகிற ஷட்டர் நாலு மணி வரை ஏறாது. ஜும்மா தொழுகை, பிறகு வீட்டுச் சாப்பாடு, பிறகு ஒரு குட்டித் தூக்கம். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இதுதான் வழக்கம். நான் ஏலக்காய் வியாபாரி இல்லை. அவர்களுடைய கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். அவர்கள் தூங்குகிற நேரம்தான் எனக்குத் தோதான நேரம். வீட்டிலிருந்தபடியே ஒரே கட்டளையில் பதினான்கு மெஷின்களுக்கும் அப்டேட் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, எல்லாம் திரும்பி எழுந்துவிட்டதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு நானும் தலையணையில் சாய்ந்துவிடுவேன். பல வருஷமாக இப்படித்தான். போன ஐப்பசி வரை ஒரு புகார் வந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

நான் போட்டுக் கொடுப்பது லினக்ஸ் மட்டும்தான். கடைவீதியில் அந்தப் பேரைச் சொன்னால் முதல் கேள்வி, "அதுல பிரிண்டர் ஓடுமா பாய்?" என்பதாக இருக்கும். ஓடும் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. பிரிண்டர் ஓடும். எப்போதாவது மக்கர் செய்வது நெட்வொர்க் கார்டுதான், அதுவும் ஒயர் மாட்டுகிற கார்டு. ஆனால் அதை நான் யாரிடமும் சொல்வதில்லை.

போன ஆவணியில் ஒரு தோட்ட முதலாளி என்னைத் தேடி வந்தார். பரம்பரையாகப் போடியில் விவசாயம் பார்க்கிற குடும்பம். போடிமெட்டுக்கு மேலே அவர்களுக்கு ஓர் ஏலத்தோட்டம் இருக்கிறது, அங்கேயே பச்சைக்காயைக் காய வைக்கிற ஸ்டோரும் இருக்கிறது. ஸ்டோர் என்றால் சாமான் அடுக்கி வைக்கிற இடம் இல்லை. ஒரு பக்கம் விறகு அடுப்பு, மறுபக்கம் தட்டுத் தட்டாகக் காய் பரப்பிய மூடிய அறை. அடுப்பின் சூடு குழாய் வழியாக அந்த அறைக்குள் சுற்றும். ஒரு தடவை காய் ஏற்றினால் இறக்கப் பதினெட்டு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல். சூடு ஐம்பது டிகிரியை ஒட்டி நின்றால் காய் பச்சை நிறத்தோடு வரும். அறுபதைத் தொட்டால் வெளுத்துப்போகும், வெடிக்கும். வெளுத்த காயை எங்கள் ஊரில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

அந்த ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு நாற்பது வயது இருக்கும். காய் ஏற்றினால் இறக்குகிற வரை அடுப்புப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். சாப்பாடு, டீ எல்லாம் அங்கேதான். அவருடைய பெண்டாட்டி காயெடுக்கப் போகிறவர். வீடு என்பது ஸ்டோருக்குக் கீழே பத்து நிமிஷ நடையில், தோட்ட வேலைக்காரர்களுக்கு முதலாளி கொடுத்திருக்கும் லயத்தில் ஓர் அறை. "ஒரு ஆளு முழு நாளும் முக்காலியிலயே உக்காந்திருந்தா மத்த சோலிய யாரு பார்க்கிறது பாய்? எடை போட ஆளு வேணும், லோடு ஏத்த ஆளு வேணும். இதுக்கு ஒரு மெஷின் இருக்கா?" என்று கேட்டார் முதலாளி.

மெஷின் இருந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பழைய பெட்டி, அதில் லினக்ஸ், அறைக்குள் இரண்டு சென்சார். சூடு ஐம்பத்தைந்தைத் தொட்டால் ஸ்டோர்க்காரர் போனுக்கும் முதலாளி போனுக்கும் மெசேஜ் போகும். நெட்டுக்கு ஆபீஸ் அறையிலிருந்து ஓர் ஒயர். இவ்வளவுதான்.

மாட்டுகிற அன்றைக்கே அந்தப் பெட்டியின் நெட்வொர்க் கார்டு என் உயிரை வாங்கியது. லினக்ஸோடு வருகிற டிரைவரைப் போட்டால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை லைன் விழுந்து எழுந்தது. டிரைவர் என்பது கார்டுக்கும் லினக்ஸுக்கும் நடுவில் நின்று பேசுகிற ஒரு சின்ன மென்பொருள், வேறொன்றுமில்லை. இது சரியாகப் பேசவில்லை. நான் வேறொரு டிரைவரின் மூலநிரலைத் தேடிப்பிடித்து, அங்கேயே உட்கார்ந்து கட்டி ஏற்றினேன். லைன் விழாமல் ஆணி அடித்தாற்போல நின்றது. பழைய டிரைவர் மறுபடி மூக்கை நுழைக்கக்கூடாது என்று அதைத் தடைப் பட்டியலில் போட்டேன். கையைத் தட்டிவிட்டு எழுந்தேன். கையால் கட்டிய டிரைவர் அன்றைக்கு இருந்த கெர்னலுக்கு மட்டும்தான் பொருந்தும். கெர்னல் என்பது லினக்ஸின் நடுப்பகுதி. அது மாறினால் டிரைவரையும் மறுபடி கட்டவேண்டும். அதைத் தானாகவே கட்டிக்கொள்ளும்படி செய்துவைக்க ஒரு வழி இருக்கிறது. அன்றைக்குக் கடைசி ஜீப்புக்கு நேரமாகிவிட்டது. அப்புறம் செய்துகொள்ளலாம் என்று விட்டேன்.

கிளம்பும்போது ஸ்டோர்க்காரர் முக்காலியில் உட்கார்ந்தபடி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பிக்கை இல்லாத பார்வை. எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. "தம்பி, இனிமே நீங்க இங்க காவல் காக்க வேண்டாம். வீட்டுக்குப் போயி நிம்மதியாச் சாப்பிடுங்க. சூடு ஏறுனா அது கூப்பிடும். நான் பொறுப்பு" என்றேன்.

"கூப்பிடுமா பாய்?"

"கூப்பிடும்யா."

இரண்டரை மாசம் கூப்பிட்டது. நாலைந்து தடவை மெசேஜ் வந்து, பாதிச் சோற்றில் எழுந்து ஓடி அடுப்பிலிருந்து விறகை இழுத்துவிட்டதாகப் போனில் சொன்னார். குரலில் சந்தோஷம் இருந்தது. மத்தியானம் வீட்டில் சாப்பிடுகிறாராம்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் முதலாளி போன் செய்தார். கோபமாக இருந்தார். நேற்று ஏற்றியிருந்த காய் மொத்தமும் வெளுத்துப்போய் வெடித்து வந்திருக்கிறது. மெசேஜ் ஒன்றுகூட வரவில்லை.

"நேத்து மத்தியானம் மேல நல்ல இடி பாய். நம்ம ஆளு வயரைப் புடுங்கிப் போட்டுட்டு மறந்துட்டான். கேட்டா புடுங்கவே இல்லைன்னு சாதிக்கிறான். இப்ப வயரு மாட்டித்தான் இருக்கு, ஆனா பொட்டி செத்துக் கெடக்கு."

மலையில் இடி இடித்தால் முதல் வேலை ஒயரைப் பிடுங்குவது. டிவி ஒயர், நெட் ஒயர், மிக்ஸி பிளக் என்று எது கைக்குக் கிடைத்தாலும் பிடுங்குவார்கள். ஐப்பசி மழையில் அங்கே எத்தனை மோடம் கருகியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும், விற்றவன் நான்தானே. ஆகவே முதலாளி சொன்னதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"பிடுங்கலைன்னா இடி இறங்கிக் கார்டு போயிருக்கும்ணே" என்றேன்.

"அப்பயும் புடுங்காதது அவன் தப்புதான பாய்? நீங்க ஒரு எட்டு மேல போயிப் பார்த்து எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. தீபாவளி முடிஞ்சதும் லயத்தைக் காலி பண்ணிருன்னு சொல்லிட்டேன். ஆனா பாவம், புள்ளைக படிக்குதுக. நீங்க பார்த்து அவன் தப்பு இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. உங்க வார்த்தைதான்."

ஒயரைப் பிடுங்கியிருந்தாலும் ஸ்டோர்க்காரர் தப்பு, பிடுங்காமல் இருந்தாலும் அவர் தப்பு. எப்படிப் போட்டாலும் ஒருவர் தலையில்தான் விழுகிறது என்பது போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறு வேலை இருந்தது.

திங்கட்கிழமை காலையில் காயெடுக்கப் போகிற பெண்களோடு ஜீப்பில் ஏறினேன். மடியில் சின்ன மானிட்டர், அதன்மேல் கீபோர்டு, தோளில் பை. பதினேழு வளைவிலும் அந்த மானிட்டரைப் பிள்ளையைப் போலக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த அம்மா, "டிவி வாங்கிட்டுப் போறீகளா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கிக்கொண்டிருக்கிற மனநிலையில் நான் இல்லை.

ஸ்டோரில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. புதுக் காய் ஏற்றியிருந்தார்கள். ஸ்டோர்க்காரர் முக்காலியில் இருந்தார், சட்டைப் பொத்தான் ஒன்று விட்டு ஒன்று மாட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார். "கட்டன் போட்டுக் கொண்டாரவா பாய்?" என்றார். வேண்டாம் என்றேன். அவர் தப்பைத் தேடத்தானே வந்திருக்கிறேன், அவர் கையால் டீ குடிக்கக் கூச்சமாக இருந்தது.

"நான் புடுங்கல பாய். காய் ஏத்தியிருக்கிற நாள்ல புடுங்கவே மாட்டேன். மத்த நாள்லயும் இடி ரொம்பக் கிட்ட வந்தாத்தான் புடுங்குவேன், நின்னதும் மாட்டிருவேன். புடுங்குன நாளுக்கு வட்டம் போட்டு வச்சிருக்கேன், பாருங்க."

சுவரில் சாக்பீஸால் வட்டங்கள் போட்டிருந்தார். ஒன்பது. முதலாளி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாராம். நான் சிரிக்கவில்லை, ஆனால் நம்பவும் இல்லை. சாக்பீஸை யார் வேண்டுமானாலும் போடலாம், யார் வேண்டுமானாலும் அழிக்கலாம். எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லவேண்டும்.

பெட்டியில் ஒயர் மாட்டுகிற துளையில் இரண்டு விளக்குகள் எரியவேண்டும். இரண்டும் இருட்டு. ஒயரைக் கழற்றி டெஸ்டரில் மாட்டினேன். எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. அதே ஒயரை என் லேப்டாப்பில் செருகினேன், நெட் வந்தது. ஆக ஒயரும் நல்லது, மோடமும் நல்லது. பழுது பெட்டிக்குள்தான்.

"இடி எறங்கிருச்சா பாய்?" என்றார். அந்தக் கேள்வியில் இருந்த பயம் எனக்குப் புரிந்தது. கார்டு கருகியிருந்தால் அவர் கதை முடிந்தது. ஏன் பிடுங்கவில்லை என்பார் முதலாளி.

மானிட்டரை மாட்டிப் பார்த்தேன். பெட்டி உயிரோடுதான் இருந்தது. உள்ளே என்னென்ன சாதனங்கள் இருக்கின்றன என்று பட்டியல் கேட்டேன். நெட்வொர்க் கார்டு தன் வரிசையில் தன் பேரோடு இருந்தது. கருகிய கார்டு பெரும்பாலும் இப்படிப் பேர் சொல்லாது. "கார்டு நல்லாத்தான் இருக்கு" என்றேன். அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அடுத்து, எத்தனை நெட்வொர்க் இணைப்பு இருக்கிறது என்று கேட்டேன். ஒன்றே ஒன்று, மெஷின் தனக்குத்தானே பேசிக்கொள்கிற உள் இணைப்பு. வெளியே போகிற வழி அந்தப் பட்டியலிலேயே இல்லை. கார்டு இருக்கிறது, வழி இல்லை. அப்படியென்றால் டிரைவர் ஏறவில்லை. நான் கட்டிய டிரைவரின் பேரைச் சொல்லி ஏற்றச் சொன்னேன். இந்தக் கெர்னலில் அப்படி ஒன்று இல்லை என்று பதில் வந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நானே கட்டி, நானே வைத்துவிட்டுப் போனதை இல்லை என்கிறது. கெர்னல் எண்ணைக் கேட்டேன். நான் விட்டுப்போன எண் இல்லை, அதைவிடப் புதிது. யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

திரும்பி அவரிடம் கத்தினேன். "இந்தப் பெட்டியில யாரு கை வச்சது? யாராச்சும் கீபோர்டு மாட்டி எதையாச்சும் தட்டுனீங்களா?"

"இங்க கீபோர்டே இல்லையே பாய்" என்றார்.

அது நிஜம். கீபோர்டை நான்தான் அன்றைக்கு ஜீப்பில் கொண்டுவந்திருந்தேன். இந்தப் பெட்டிக்குள் வெளியிலிருந்து நுழையக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவன்தான். மெஷின் கடைசியாக எப்போது ரீஸ்டார்ட் ஆனது என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு இருபத்தாறு.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு. சாப்பிட்டுக் கை ஈரம் காய்வதற்குள் லேப்டாப்பைத் திறந்தேன். கட்டளையைத் தட்டினேன். பதினான்கில் பதின்மூன்று திரும்பி எழுந்தன. ஒன்று எழவில்லை, ஆவணியில் பட்டியலில் சேர்த்த மலைமேல் பெட்டி. மலையில் கரண்ட் போவது புதிதா என்ன? கரண்ட் போயிருக்கும், வந்ததும் வரும் என்று நினைத்தேன். லேப்டாப்பை மூடினேன். தூங்கினேன். எழுந்து கடைக்குப் போனேன். அதற்குப் பிறகு அந்த ஒன்று என் நினைவுக்கே வரவில்லை. சனிக்கிழமை முதலாளி போன் செய்தபோதும் வரவில்லை.

ஆவணிக்குப் பிறகு முதல்முறையாக அன்றைக்குத்தான் புதுக் கெர்னல் ஏறியிருக்கிறது. அதற்கு நான் கட்டிய டிரைவர் பொருந்தாது. பழைய டிரைவராவது வந்து தட்டுத்தடுமாறி ஓட்டியிருக்கும், அதையும் நானே தடைப் பட்டியலில் போட்டு வாசலை அடைத்துவிட்டேன். கடைவீதிக்கு வெள்ளிக்கிழமை மதியம் ஓய்வென்றால் காய்க்கும் அடுப்புக்கும் ஓய்வா? மலைமேல் அன்றைக்குக் காலையில்தான் காய் ஏற்றியிருந்தார்கள். இத்தனை வருஷம் போடியில் இருந்துகொண்டு இது எனக்குத் தோன்றவில்லை.

மீதியையும் பார்த்துவிடுவோம் என்று பழைய பதிவுகளைத் திறந்தேன். ஒயரைப் பிடுங்கினால், லைன் விழுந்தது என்று லினக்ஸ் நேரத்தோடு எழுதி வைக்கும். மாட்டினால், லைன் வந்தது என்று எழுதும். ஆவணியிலிருந்து எண்ணினேன். நான் மாட்டிய அன்றைக்கு விழுந்ததை விட்டுவிட்டால் ஒன்பது தடவை விழுந்திருக்கிறது, ஒன்பது தடவையும் திரும்ப வந்திருக்கிறது. அதிகபட்சம் நாற்பது நிமிஷம். சுவரைப் பார்த்தேன், ஒன்பது வட்டம். வெள்ளிக்கிழமையன்று காலையிலிருந்து ரீஸ்டார்ட் ஆகிற நொடி வரை ஒருமுறைகூட லைன் விழவில்லை. அவர் ஒயரைத் தொடவே இல்லை.

கடைசியாகச் சூட்டுப் பதிவைத் திறந்தேன். நெட் இல்லாவிட்டாலும் பெட்டி தன் வேலையைப் பார்த்திருக்கிறது. இரண்டே முக்காலுக்கு நாற்பத்தொன்பது. அன்றைக்குப் போட்டது நல்ல காய்ந்த விறகு போலிருக்கிறது. மூன்று மணிக்கு ஐம்பத்துநாலு. மூன்று ஐந்துக்கு ஐம்பத்தைந்து, மெசேஜ் அனுப்ப முயன்றது, முடியவில்லை. மூன்று எட்டுக்கு மறுபடி முயன்றது, முடியவில்லை. மூன்று பதினொன்று, முடியவில்லை. மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை அனுப்பும்படி எழுதியவன் நான்தான். விறகு எரிந்து தணிந்து சூடு இறங்குகிற வரை, அதாவது ஐந்து மணி ஐந்து நிமிஷம் வரை, நாற்பத்தொரு தடவை அவரைக் கூப்பிட்டிருக்கிறது. அந்த நேரத்தில் அவர் சாப்பிட்டு முடித்து, எடை போடுகிற இடத்தில் நின்று பச்சைக்காய் மூட்டைகளைத் தராசில் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். போன் சட்டைப் பையில்தான் இருந்திருக்கிறது. மழைத்தண்ணி படாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருப்பார்.

"என்ன பாய், ஒண்ணும் பேச மாட்டேங்கிறீங்க?" என்றார்.

"பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றேன்.

சரிசெய்வது இரண்டு நிமிஷ வேலை. பழைய கெர்னல் இன்னும் பெட்டிக்குள்தான் இருந்தது. எழும்போது அதைத் தேர்ந்தெடுத்தால் போதும், என் டிரைவர் வந்துவிடும். அந்த இரண்டு நிமிஷ வேலையைத் தொடங்காமல் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஏன் என்பதை மறைக்க விரும்பவில்லை. வேறு ஏதாவது சொல்ல முடியுமா என்று யோசித்தேன். சென்சார் பழுது எனலாம். மோடம் தொங்கிவிட்டது எனலாம். இடி என்று மட்டும் சொல்லமுடியாது, அது அவர் தலையில் விழும். மோடம் என்றால் யார் தலையிலும் விழாது. முதலாளிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, என் வார்த்தைதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். மோடம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இவரும் தப்பிப்பார், நானும் தப்பிப்பேன். இதை நினைத்தது நான்தான். நினைத்ததற்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ரீஸ்டார்ட் செய்தேன். பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். துளையில் பச்சை விளக்கு எரிந்தது, அதன் பக்கத்தில் மஞ்சள் விளக்கு படபடத்தது. லைன் வந்துவிட்டது.

அடுத்த நிமிஷம் ஸ்டோர்க்காரரின் சட்டைப் பை அதிர்ந்தது. போனை எடுத்து, கவருக்குள் இருந்தபடியே பார்த்தார். முகம் மாறியது. அடுப்புப் பக்கம் ஓடினார். விறகை இழுத்து வெளியே தள்ளப் போனவர், சூட்டுமானியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். நாற்பத்தெட்டு. போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று.

அனுப்ப முடியாமல் போன மெசேஜ்களை வரிசையில் வைத்திருந்து, லைன் வந்ததும் அனுப்பும்படி நான் எழுதியிருந்தேன். ஒன்றுகூடத் தவறக்கூடாது என்று பெருமையாக எழுதினேன். வெள்ளிக்கிழமை மெசேஜ்கள் திங்கட்கிழமை வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அவர் திரும்பி வந்து போனை என்னிடம் நீட்டினார். 'சூடு 55. ஸ்டோரைப் பார்க்கவும்.' கீழே தேதியும் நேரமும். 'சூடு 56. ஸ்டோரைப் பார்க்கவும்.' 'சூடு 57.' இப்படியே அறுபத்துமூன்று வரை.

"இது அன்னைக்கு வந்திருக்க வேண்டியதா?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்குள் என் போன் அடித்தது. முதலாளி. ஸ்பீக்கரில் போட்டேன். கையில் பிடித்துப் பேசத் தெம்பில்லை, அதுதான் காரணம்.

"பாய், மெசேஜாக் கொட்டுது. பார்த்தா எல்லாம் வெள்ளிக்கிழமை டைமு. பொட்டி கரெக்டா அனுப்பிருக்கு. அப்ப வயரைப் புடுங்கினதாலதான வரல? நான் சொன்னது சரியாப்போச்சா?"

ஸ்டோர்க்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கையில் விறகு தள்ளுகிற கம்பி அப்படியே இருந்தது.

"அண்ணே, அவரு வயரைப் புடுங்கல. இடியும் எறங்கல. வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்ல இருந்து நான்தான் அப்டேட் போட்டேன். அதுல நெட் கார்டு வேலை செய்யாமப் போச்சு."

அதோடு நிறுத்தாமல் மீதியையும் சொன்னேன்.

"பொட்டி திரும்பி வரலைன்னு அன்னைக்கே ஸ்கிரீன்ல பார்த்தேண்ணே. கரண்ட் போயிருக்கும்னு நெனச்சுத் தூங்கிட்டேன்."

"தூங்கிட்டீங்களா?"

"ஆமாண்ணே."

"மூணு நாளா அவனை நான் பேசாத பேச்சில்ல பாய்." பிறகு, "அவன் இருக்கானா அங்க? குடுங்க" என்றார்.

ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் கொடுத்தேன். அவர் கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். "முதலாளி… சரி… இல்ல முதலாளி… சரி." இவ்வளவுதான். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்ன சொன்னாரு?"

"லயத்தைக் காலி பண்ண வேண்டாம், சோலியப் பாருன்னாரு."

வேறு ஏதாவது சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அவருடைய கண் கலங்கியிருந்தது. அடுப்புப் புகையாகவும் இருக்கலாம் என்று நினைக்க எனக்கு ஆசைதான், ஆனால் அன்றைக்குப் புகை இல்லை.

"தம்பி, என்னை மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"நான் பாட்டுக்கு இங்கதான் உக்காந்திருந்தேன் பாய். நீங்க சொன்னீங்கன்னுதான் எந்திரிச்சுப் போனேன்."

அன்றைக்குச் சாயங்காலம் வரை உட்கார்ந்து, ஆவணியில் ஜீப்புக்கு நேரமாகிவிட்டது என்று விட்ட வேலையை முடித்தேன். இனி எந்தக் கெர்னல் வந்தாலும் அதற்கேற்ற டிரைவரைப் பெட்டி தானே கட்டிக்கொள்ளும். கட்ட முடியாவிட்டால் பழைய டிரைவர் ஓடும், அதைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். லைன் போனால் கூவுவதற்குப் லயம் வரை கேட்கும்படி பெட்டியிலேயே ஒரு ஹார்ன் மாட்டினேன். நடுவில் அவரே கட்டன் கொண்டுவந்து வைத்தார், நான் கேட்கவில்லை. குடித்தேன்.

முதலாளி இன்னும் என்னைத்தான் கூப்பிடுகிறார். முன்னால், நீங்க சொன்னா சரி பாய் என்பார். இப்போது, ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்த்துருங்க பாய் என்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

வெள்ளிக்கிழமை அப்டேட் இன்னும் நடக்கிறது. ஆனால் கட்டளையைத் தட்டுவதற்கு முன்னால் மலைக்கு ஒரு போன் போடுகிறேன். "தம்பி, காய் ஏத்தியிருக்கா?" ஏத்தியிருக்கு என்றால் அந்தப் பெட்டியை விட்டுவிடுவேன். இல்லை என்றால் தட்டுவேன், அது எழுந்துவிட்டதைப் பார்க்கும் வரை தூங்கமாட்டேன். காய் ஏற்றியிருக்கிற நாளில் போன் செய்தால் அவர் குரலுக்குப் பின்னால் விறகு வெடிக்கிற சத்தம் கேட்கும். சோற்றை மென்றுகொண்டே பேசுவார். மத்தியானச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் முக்காலிக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. ஹார்ன் இருக்கிறது, டிரைவர் சரியாக இருக்கிறது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க தம்பி என்று சொல்ல ஒவ்வொரு வாரமும் வாயெடுக்கிறேன். இதுவரை சொல்லவில்லை.